கல் எவ்வளவு போச்சு? செதுக்கிச் செதுக்கிச் சிறுத்த கற்கருவிகளை அளப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கற்கருவிகளை அளக்கச் சொல்லிக்கொடுக்கும் பயிலரங்குகளில் சில ஆண்டுகளாகக் கூடமாட உதவி வருகிறேன். ஊர் மாறினாலும் ஆள் மாறினாலும் கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே எழுதி, பதில்களை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். முதல் சில கேள்விகள் புதியவர்களுக்கு. தடிமன் அளக்கும் காலிப்பரைக் கையில் எடுத்துவிட்டவர்கள் 6-ஆம் கேள்வியிலிருந்து படிக்கலாம்.

1. கல் எப்படிங்க தேயும்? அதென்ன சோப்புக் கட்டியா?

'தேய்மானம்' என்ற சொல் இரண்டு வேறு விஷயங்களைக் குறிக்கிறது. ஒன்று, தோலையோ மரத்தையோ சுரண்டும்போது கல்லின் விளிம்பில் ஏற்படும் மழுங்கலும் பளபளப்பும் கீறலும். இதை நுண்நோக்கியில் பார்த்துப் படிப்பது தனித் துறை. ரஷ்ய ஆய்வாளர் செர்கேய் செமியோனோவ் 1957-இல் வெளியிட்ட நூல் அதற்கு வழி போட்டது. இங்கே நாம் பேசப்போவது அதைப் பற்றி அல்ல.

நம் விஷயம் இரண்டாவது. மழுங்கிய விளிம்பை மறுபடி கூராக்க, ஓரத்தில் சின்னச் சின்னச் செதில்களாகத் தட்டி எடுப்பார்கள். இதை 'மறுசெதுக்கல்' என்போம். வீட்டு அரிவாள்மனையை நினைத்துக்கொள்ளுங்கள். வாங்கியபோது நாலு விரல் அகலமிருந்த அலகு, வருஷக்கணக்கில் சாணை பிடித்துப் பிடித்து இரண்டு விரலாகியிருக்கும். காயும் தேங்காயும் தின்ற இரும்பைவிடச் சாணைக்கல் தின்ற இரும்புதான் அதிகம். கற்கருவியின் கதையும் அதேதான். உழைப்பால் போவது துளி, கூராக்குவதால் போவது கைப்பிடி.

2. கல்லுதான் கொட்டிக் கிடக்கே! மழுங்கினா தூக்கிப் போட்டுட்டு வேற எடுத்தா போச்சு. ஏன் மெனக்கெட்டாங்க?

பெரும்பாலும் அப்படித்தான் செய்தார்கள். எந்தத் தொல்லிடத்தைத் தோண்டினாலும் மறுசெதுக்கலே இல்லாத செதில்கள்தான் குவியல் குவியலாகக் கிடைக்கும். ஆனால் 'கல்' கொட்டிக் கிடப்பது வேறு, கூராக உடையும் நல்ல கல் கிடைப்பது வேறு. இத்தாலியில் ரோமுக்குத் தெற்கே, லாட்சியோ கடலோரக் குகைகளில் வாழ்ந்த நியாண்டர்தால்களுக்குப் பக்கத்தில் கிடைத்ததெல்லாம் சின்னச் சின்னச் சக்கிமுக்கிக் கூழாங்கற்கள். அதை வைத்தே காலம் தள்ளினார்கள்.

இன்னொரு காரணத்தைப் பலர் யோசிப்பதில்லை. கைப்பிடி. ஆஸ்திரேலியப் பாலைவனப் பழங்குடிகளின் 'டூலா' என்ற உளியைப் பாருங்கள். ஸ்பினிஃபெக்ஸ் புல்லின் பிசினை உருக்கி, கல்லை மரப்பிடியில் ஒட்டி, கடினமான மரங்களை இழைப்பார்கள். பிடியும் பிசினும் தயாராக நேரம் பிடிக்கும், கல் நொடியில் வந்துவிடும். அதனால் பிடியிலிருந்து கல்லைக் கழற்றாமலே மறுபடி மறுபடி கூராக்கி, இனி பிசினுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க எதுவுமில்லை என்ற நிலையில்தான் கழற்றி எறிவார்கள். அகழாய்வில் கிடைக்கும் டூலாக்களில் பல இப்படித் தேய்ந்துபோன ஒல்லிக் கட்டைகளே. புது டூலாவையும் கட்டையையும் பக்கத்தில் வைத்தால், முதல்முறை பார்ப்பவர் இரண்டும் ஒரே கருவி என்று ஒப்புக்கொள்ளவே மாட்டார்.

3. எவ்வளவு போச்சுன்னு தெரிஞ்சு என்ன ஆகப் போகுது?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். இந்த அளவீடு முழுவதும் ஒரு பெரிய சண்டையிலிருந்து பிறந்தது.

பிரெஞ்சு ஆய்வாளர் ஃபிரான்சுவா போர்த், ஐரோப்பாவின் இடைப் பழைய கற்காலச் செதிற்கருவிகளை 63 வகைகளாகப் பிரித்தார். அதில் 9 முதல் 29 வரை, ஆக 21 வகைகள், வெறும் சுரண்டிகளே: ஒற்றை விளிம்பு, இரட்டை விளிம்பு, கூம்பிய விளிம்பு, குறுக்கு விளிம்பு என்று போகும் பட்டியல். எந்த வகை எவ்வளவு இருக்கிறது என்ற விகிதம் இடத்துக்கு இடம் மாறியது. தனித்தனி மரபுடைய நியாண்டர்தால் குழுக்கள் இருந்தன, அதனால்தான் இந்த வேறுபாடு என்றார் போர்த். அமெரிக்கரான லூயிஸ் பின்ஃபோர்ட் 1960-களில் குறுக்கே வந்தார்: குழு வேறில்லை, வேலைதான் வேறு, வேலைக்கு ஏற்ற கருவி. இருவரும் பல ஆண்டுகள் மோதிக்கொண்டார்கள்.

ஹெரால்ட் டிபிள் 1980-களில் மூன்றாவதாக ஒன்று சொன்னார். ஈரானின் பிசிதுன், பிரான்ஸின் லா கீனா ஆகிய இடங்களின் சுரண்டிகளை அளந்துவிட்டு, இந்த வகைகளில் பல ஒரே கருவியின் வெவ்வேறு வயதுகள் என்றார். ஒரு பக்கம் செதுக்கினால் ஒற்றை விளிம்பு. மறுபக்கமும் செதுக்கினால் இரட்டை. இரண்டும் உள்வாங்கி நுனியில் சேர்ந்துவிட்டால் கூம்பியது. பள்ளிக்கூடப் பையன், கல்யாண மாப்பிள்ளை, தாத்தா என்று மூன்று புகைப்படங்களை மூன்று சாதி ஆட்கள் என்று பிரித்தது போல ஆகிவிட்டதோ என்ற சந்தேகம் அது. அமெரிக்காவில் ஜார்ஜ் ஃப்ரைசன் 1968-லேயே இதற்கு அடிப்படை போட்டிருந்தார். வயோமிங்கில் பைசன் வேட்டைக்காரர்கள் இறைச்சி வெட்டிய ஓரிடத்தில், கருவிகளையும் அவற்றைக் கூராக்கியபோது தெறித்த செதில்களையும் ஒன்றோடொன்று பொருத்தி, கருவி வாழ்நாளில் உருமாறுவதைக் காட்டினார். பின்னாளில் இதற்கு 'ஃப்ரைசன் விளைவு' என்றே பெயர் வந்தது.

டிபிள் சொன்னது சரியா தவறா என்று பார்க்க ஒரே வழிதான்: ஒவ்வொரு கல்லும் எவ்வளவு இழந்திருக்கிறது என்று எண்ணாகச் சொல்ல வேண்டும். எண் இல்லாவிட்டால் அது அபிப்பிராயம்.

4. அப்போ மியூசியத்துல பேரு எழுதி வச்சிருக்கறதெல்லாம் பொய்யா?

பொய்யில்லை. 'கூம்பிய சுரண்டி' என்று எழுதியிருந்தால் அந்தக் கல் கூம்பித்தான் இருக்கிறது. செய்தவர் அப்படிச் செய்யத்தான் நினைத்தார் என்று நாமாக முடிவுகட்டுவதுதான் பிழை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது, தூக்கி எறிந்த அன்று அது இருந்த வடிவம். முதல் நாள் வடிவம் அல்ல.

டிபிளின் விளக்கத்தையும் எல்லா இடத்துக்கும் பொருத்திவிடக் கூடாது. ஆரம்பத்திலேயே கூம்பிய செதிலைத் தேர்ந்தெடுத்து மெல்லச் செதுக்கிய இடங்களும் உண்டு. ஒவ்வொரு தொகுப்பையும் அளந்துதான் சொல்ல வேண்டும்.

5. தராசுல போட்டா தெரிஞ்சிடாதா?

இப்போதைய எடை தெரியும். முந்தைய எடை? 40 கிராம் சுரண்டி ஒன்று 45 கிராமாகப் பிறந்திருக்கலாம், 120 கிராமாகவும் பிறந்திருக்கலாம். நீளத்துக்கும் இதே கதைதான். சின்னக் கல்லெல்லாம் தேய்ந்த கல் என்று நினைத்தால், 2-இல் சொன்ன லாட்சியோ கூழாங்கல் செதில்கள் அனைத்தும், கூராக்கவே படாதவையும் சேர்த்து, 'மிகவும் தேய்ந்தவை' ஆகிவிடும். அதனால் அளவு எதுவாக இருந்தாலும் பொருந்துகிற ஒரு விகிதம் வேண்டும்.

6. சரி, எப்படித்தான் அளக்கறீங்க? நேரா சொல்லுங்க.

முதலில் செதிலைப் புரிந்துகொள்ளுங்கள். பெரிய கல்லிலிருந்து பிரிந்த பக்கம் வழவழப்பாகச் சற்றே புடைத்திருக்கும். அதை உள்முகம் என்போம். எதிர்ப்பக்கம் வெளிமுகம்: பழைய செதுக்கல்களின் தழும்புகளோடு, நடுவில் முதுகெலும்பு போல மேடு இருக்கும். உள்முகத்தைக் கீழே வைத்து, குறுக்காக வெட்டியது போல் மனதில் பார்த்தால், நடுவில் உயர்ந்து ஓரங்களில் மெலியும் கூரை போன்ற முக்கோணம் தெரியும்.

இப்போது ஓரத்தை மறுசெதுக்கினால், செதில் தெறித்த இடத்து வடு உள்முகத்தின் விளிம்பில் தொடங்கி வெளிமுகத்தில் ஏதோ ஓர் உயரத்தில் முடியும். எவ்வளவுக்கு எவ்வளவு ஓரம் உள்வாங்குகிறதோ, அவ்வளவுக்கு அந்த முடிவிடம் கூரையின் மேல் ஏறும். 1990-இல் ஸ்டீவன் கூன் இதைப் பிடித்துக்கொண்டார் (தமிழில் எழுதினால் சிரிப்பு வருகிறது, ஆள் பெயர்தான்). வடு முடியும் இடத்தின் உயரத்தை, செதிலின் நடுத் தடிமனால் வகுக்க வேண்டும்; வருவதுதான் கூன் குறியீட்டெண், சுருக்கமாகக் கூன் எண். அவ்வளவே. வடு 6 மி.மீ. உயரத்தில் முடிந்து, நடுத் தடிமன் 12 மி.மீ. என்றால் 0.5. தொடாத விளிம்புக்கு 0, வடு முகடு வரை ஏறிவிட்டால் 1.

விளிம்பில் மூன்று இடங்களில் அளந்து சராசரி எடுப்பது வழக்கம். காலிப்பர் முனை சரியாக உட்காராத இடங்களில், வடுவின் நீளத்தையும் விளிம்புக் கோணத்தையும் எடுத்து, நீளத்தைக் கோணத்தின் சைனால் பெருக்கி உயரம் பெறலாம். வடு 8 மி.மீ., கோணம் 60 பாகை என்றால் உயரம் சுமார் 6.9. பத்தாம் வகுப்புக் கணக்கு போதும்.

7. 0.5 வந்தா பாதிக் கல் போச்சுன்னு அர்த்தமா?

இல்லை! எனக்கு வரும் கட்டுரை வரைவுகளில் நான் அதிகம் சிவப்பு மையால் திருத்துவது இதைத்தான்.

எளிமைக்காக, மறுசெதுக்கல் செங்குத்தாக இறங்குவதாக வைத்துக்கொள்வோம். கூரையின் ஒரு சரிவை மட்டும் எடுங்கள், அது செங்கோண முக்கோணம். ஓரத்திலிருந்து வெட்டிப் போவதும் அதே வடிவிலான ஒரு சின்ன முக்கோணம். உயரம் பாதி என்றால் அகலமும் பாதி. ஆகவே பரப்பு கால்வாசி. 0.5 என்பது அந்தச் சரிவில் 25 சதவீத இழப்பு. 0.2 என்றால் வெறும் 4 சதவீதம், 0.9 என்றால் 81 சதவீதம். குறியீட்டெண்ணை அதனாலேயே பெருக்கிப் பாருங்கள், வந்துவிடும். அதுவும் ஒரு சரிவுக்கு மட்டுமே. எதிர்ச் சரிவு தொடப்படாமல் இருந்தால் முழுக் குறுக்குவெட்டில் இழப்பு இதில் பாதிதான். செதுக்கல் செங்குத்தாக இல்லாமல் உட்புறம் சாய்ந்திருந்தால் இன்னும் குறையும்.

ஆக, இந்த எண் ஆரம்பத்தில் வேகமாக ஏறும், பிறகு மெல்ல ஏறும். வரிசைப்படுத்த நல்லது. 'இது அதைவிட அதிகம் செதுக்கப்பட்டது' என்று தைரியமாகச் சொல்லலாம். 'இது அதைப் போல இரண்டு மடங்கு' என்று சொல்லக் கூடாது.

8. 1 வந்த பிறகும் செதுக்கினா?

எண் அங்கேயே நின்றுவிடும், கல் மட்டும் குறைந்துகொண்டே போகும். முகட்டைத் தாண்டி மறுசரிவில் இறங்கிவிட்ட கல்லில் வடுவின் உயரமும் மீந்திருக்கும் அதிகபட்சத் தடிமனும் ஒன்றுதான், சேர்ந்தே குறையும். லா கீனாவின் தடித்த சுரண்டிகள் போல, படிப்படியாக அடுக்கடுக்கான வடுக்களுடன் பல சுற்று கூராக்கப்பட்டவற்றில் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு தொகுப்பில் நிறைய 1 வந்தால், அந்தத் தொகுப்புக்கு வேறொரு முறையையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள் (10, 11 பார்க்க).

9. தட்டையான செதிலுக்கு இது வேலைக்கே ஆகாதுன்னு ஒருத்தர் சொன்னாரே?

சொன்னவர் விஷயம் தெரிந்தவர். கூரை வடிவம் இல்லாமல் வெளிமுகமும் உள்முகமும் பலகை போல இணையாக இருக்கும் செதிலை எடுங்கள். முதல் தட்டிலேயே வடு முழுத் தடிமனையும் தொட்டுவிடும். ஒரே நாள் கூராக்கிய கல்லுக்கு 1, 'வாழ்நாள் முடிந்தது' என்று மதிப்பெண். இந்தத் 'தட்டைச் செதில் சிக்கலை' எழுப்பியவரும் டிபிள்தான்.

பீட்டர் ஹிஸ்காக்கும் கிறிஸ் கிளார்க்சனும் 2005-இல் இதைச் சோதித்தார்கள். புதுச் செதில்களை எடுத்து, படிப்படியாகச் செதுக்கி, ஒவ்வொரு படியிலும் எடை போட்டு, கூன் எண்ணையும் எடுத்தார்கள். எடை இழப்போடு எண் நன்றாகவே ஒத்துப்போனது. தட்டைச் சிக்கல் பயந்த அளவுக்குப் பெரிதில்லை என்பது அவர்கள் முடிவு. என் சொந்த வழக்கம்: பலகை போலிருக்கும் செதில்களைத் தாளில் ஒரு குறியிட்டுத் தனியாக வைப்பேன். கணக்கை அவற்றோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை போடுவேன். முடிவு மாறவில்லை என்றால் நிம்மதி.

10. ரெண்டு முகத்திலும் செதுக்கின கல்லுக்கு உள்முகமே இருக்காதே, எங்கே வச்சு அளக்கறது?

அங்கே கூன் முறை கிடையாது. கிளார்க்சன் 2002-இல் தந்த 'ஊடுருவல் குறியீட்டெண்' உதவும். ஒவ்வொரு முகத்தையும் 8 பங்காகப் பிரியுங்கள், இரண்டு முகத்துக்கும் சேர்த்து 16. ஒவ்வொரு பங்கிலும் வெளி வட்டம், உள் வட்டம் என்று பாதிப் பாதி. வடுவே இல்லையா, 0. வெளி வட்டத்தோடு நின்றதா, 0.5. உள்ளே புகுந்துவிட்டதா, 1. கூட்டி 16-ஆல் வகுக்க வேண்டும். ஒரு முகத்தில் 4 பங்கு வெளிவட்டம், 2 பங்கு உள்வட்டம், மறுமுகம் சுத்தம் என்றால் 2 + 2 = 4, விடை 0.25.

காலிப்பரே வேண்டாம், கண் போதும், வேகமாக முடியும். ஆனால் இது அளப்பது வடு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை. ஒரே ஓரத்தைச் செங்குத்தாகத் தின்றுகொண்டே போன கல்லுக்கு இழப்பு அதிகமாகவும் பரவல் குறைவாகவும் இருக்கும். அதற்குக் கூன் எண்தான் பொருத்தம்.

11. அடிவாங்கின இடத்தைப் பார்த்தே பழைய அளவைச் சொல்லிடலாமாமே?

அடிமேடை, அதாவது செதிலைப் பிரிக்கச் சுத்தியல் கல் விழுந்த அந்தச் சிறு பரப்பு, விளிம்பைக் கூராக்கும்போது பெரும்பாலும் தப்பிவிடும். அடிமேடை பெரிதாக இருந்தால் செதிலும் பெரிதாக இருந்திருக்கும் என்பது யோசனை. டிபிளும் பெல்சினும் கண்ணாடித் தகடுகளின் ஓரத்தில் எஃகுக் குண்டுகளை விழச்செய்து, அடிமேடையின் தடிமனும் அதன் வெளிக்கோணமும் செதிலின் அளவைத் தீர்மானிப்பதைக் காட்டினார்கள்.

சோதனைக்கூடத்தில் அழகாக வருவது, கையால் தட்டிய செதில்களில் அவ்வளவு அழகாக வருவதில்லை. ஒரே அளவு அடிமேடையோடு குட்டிச் செதிலும் வரும், தாய்ச் செதிலும் வரும். ஐம்பது நூறு கற்களின் சராசரிக்குப் பயன்படுத்துங்கள். ஒற்றைக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு 'இது 87 கிராமாக இருந்தது' என்று சொன்னால் அது கைரேகை ஜோசியம்.

12. இந்த எண்ணெல்லாம் சரின்னு எப்படித் தெரியும்? அந்தக் காலத்து ஆள் வந்து சாட்சி சொல்லவா போறாரு?

அந்தக் காலத்து ஆள் வரமாட்டார், ஆனால் நம் காலத்து ஆட்கள் இருந்தார்கள். எத்தியோப்பியாவின் காமோ மலைப்பகுதியில் தோல் பதப்படுத்துபவர்கள் சமீப காலம் வரை கல் சுரண்டிகளையே பயன்படுத்தினார்கள். கேத்ரின் வீட்மன் அவர்களோடு இருந்து, புதுச் சுரண்டிகளையும் பயன்படுத்தி ஒதுக்கியவற்றையும் ஆவணப்படுத்தினார். 2007-இல் அவரும் மைக்கேல் ஷாட்டும் அந்தச் சுரண்டிகளை வைத்துப் பல குறியீட்டெண்களைச் சோதித்தார்கள். தொடக்கம் எது, முடிவு எது என்று தெரிந்திருந்ததால் விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருத்துவது போல அது. சோதனைச் செதுக்கல் இன்னொரு வழி, 9-இல் பார்த்தோம்.

காமோவிடமிருந்து இன்னொரு எச்சரிக்கையும் கிடைக்கிறது. அவர்களிடம் இரண்டு வகைக் கைப்பிடி. 'சுகானோ' பிடியில் கல்லைக் குழிக்குள் வைத்துப் பிசினால் இறுக்குவார்கள், அதற்காகக் கல்லின் பக்கங்களையும் செதுக்கிச் சீராக்குவார்கள். 'டுட்டுமா' பிடி பிளந்த மரம் போன்றது, செதுக்காத செதிலையே சொருகிவிடலாம். ஆக, பக்கவாட்டில் தெரியும் செதுக்கல் எல்லாம் கூராக்கியதன் அடையாளம் அல்ல, பிடிக்குள் அடங்குவதற்காகவும் இருக்கலாம். வேலை செய்த விளிம்பு எது என்று முதலில் தீர்மானித்துவிட்டு அளக்கத் தொடங்குங்கள்.

13. கைக்கோடரிக்கு எப்படி? நம்ம அத்திரம்பாக்கம் கல்லுக்கெல்லாம் போட்டுப் பார்க்கலாமா?

கைக்கோடரியில் முழு மேற்பரப்பும் செதுக்கல்தான், 10-இல் சொன்ன ஊடுருவல் எண் ஆரம்பத்திலேயே 1-ஐ நெருங்கிவிடும். அதற்கு வடு அடர்த்தி பார்க்கிறார்கள்: குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட வடுக்களை எண்ணி, மேற்பரப்பின் பரப்பளவால் வகுப்பது. செதுக்கச் செதுக்கப் பரப்பு சுருங்கும், புது வடுக்கள் நெருங்கும், அடர்த்தி ஏறும். செரி ஷிப்டனும் கிளார்க்சனும் 2015-இல் சோதனைக் கைக்கோடரிகளில் இது எடை இழப்போடு ஒத்துப்போவதைக் காட்டினார்கள். பரப்பளவுக்கு முப்பரிமாண ஸ்கேன் தேவை. செல்போனில் சுற்றிச் சுற்றிப் படமெடுத்துச் சேர்க்கும் முறையும் கைகொடுக்கும்.

கொசஸ்தலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தில் 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டார். சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவின் அகழாய்வு அங்குள்ள கைக்கோடரிகளின் காலத்தைச் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கும், அடுத்து வந்த இடைப் பழைய கற்காலத்தின் தொடக்கத்தைச் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கும் கொண்டுபோனது. கைக்கோடரிகளுக்கு வடு அடர்த்தி, பிந்தைய அடுக்குகளின் செதிற்கருவிகளுக்குக் கூன் எண் என்று கொள்கை அளவில் தடையில்லை. சிரமம் கல்லில்தான். அங்குள்ளவை பெரும்பாலும் குவார்ட்சைட் என்ற பாறை, அது சொரசொரப்பானது. சக்கிமுக்கியில் கண்ணாடி போலத் தெரியும் வடு எல்லை, குவார்ட்சைட்டில் வெயிலும் மழையும் பட்டு மங்கிவிடும். பக்கவாட்டில் ஒரு விளக்கை வைத்து, கல்லைச் சுழற்றிச் சுழற்றிப் பாருங்கள். அப்படியும் எல்லை தெரியாவிட்டால் 'அளக்க இயலவில்லை' என்று எழுதுங்கள். அனுமான எண்ணைவிட வெற்றுக் கட்டம் மேல்.

14. காம்பில் கட்டின முனைக் கருவிகளுக்கு?

அங்கே கல்லே தனக்குள் ஓர் அளவுகோலை வைத்திருக்கிறது. கட்டுக்குள் இருக்கும் அடிப்பகுதியைக் கூராக்க முடியாது, வெளியே இருக்கும் அலகு மட்டுமே சுருங்கும். அமெரிக்காவின் ஆர்கன்சாஸில் பிராண்ட் தொல்லிடத்தின் டால்டன் முனைகளை 1974-இல் ஆல்பர்ட் குட்இயர் இப்படித்தான் படித்தார். அடி அகலம் மாறாமல் நிற்க, அலகு இலை வடிவிலிருந்து துளைப்பூசி போல ஒல்லியாகிப் போவதை வரிசையாக வைத்துக் காட்டினார். அலகுக்கும் அடிக்கும் உள்ள விகிதமே இழப்பைச் சொல்லிவிடும்.

15. நிறையத் தேய்ஞ்ச கல்லா கிடைச்சா, அங்க கல் பஞ்சம்னு எழுதிடலாமா?

எழுதலாம், ஆனால் மற்ற காரணங்களை விலக்கிய பிறகு. நல்ல கல் தொலைவில் இருந்திருக்கலாம். கல் பக்கத்திலேயே இருந்தும் பனியிலோ வெள்ளத்திலோ மறைந்திருக்கலாம். ஒரே இடத்தில் நெடுநாள் தங்கியிருக்கலாம். கைப்பிடி காரணமாக இருக்கலாம் (2). வேலையே அப்படிப்பட்டதாக இருக்கலாம், தோல் சுரண்டுவது விளிம்பைச் சீக்கிரம் மழுக்கிவிடும்.

ஒரு நல்ல சோதனை உண்டு. ஒரே தொல்லிடத்தில் உள்ளூர்க் கல்லையும் தொலைதூரக் கல்லையும் பிரித்துத் தனித்தனியாக அளங்கள். தொலைதூரக் கல் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் தூரம்தான் காரணம் என்ற வாதம் வலுக்கும். இரண்டும் சமமாகத் தேய்ந்திருந்தால் வேறு காரணத்தைத் தேடுங்கள்.

16. சராசரி 0.6-ன்னு எழுதினா போதுமா?

போதாது. வரைபடம் போடுங்கள். எல்லாக் கற்களும் 0.8-க்கு மேல் குவிந்திருந்தால், ஆட்கள் கடைசிவரை பயன்படுத்தித்தான் எறிந்தார்கள். 0.1 முதல் 1 வரை பரவிக் கிடந்தால், வயது வித்தியாசமில்லாமல் கற்கள் உடைந்தோ தொலைந்தோ போயிருக்கின்றன. இரண்டும் வேறு வேறு வாழ்க்கை, வெறும் சராசரியில் அந்தப் பரவல் தெரியாது. மனித ஆயுளுக்கு மக்கள்தொகை ஆய்வாளர்கள் போடும் வகைக் கணக்கை ஷாட் கற்கருவிகளின் ஆயுளுக்குப் போட்டுப் பார்த்ததும் இதற்காகத்தான்.

பழைய அருங்காட்சியகத் தொகுப்பு என்றால் இன்னொரு கவலை: அன்றைய அகழாய்வாளர்கள் பலர் அழகான கற்களை வைத்துக்கொண்டு மற்றதைக் கொட்டிவிட்டார்கள். உங்கள் வரைபடம் கற்கால மனிதரின் பழக்கத்தைக் காட்டாமல், தோண்டியவரின் ரசனையைக் காட்டும்.

17. ஒரே கல்லை நானும் என் ஃப்ரெண்டும் அளந்தா வேற வேற எண் வருது. யார் சரி?

இருவரும் சரியாக இருக்கலாம். தடிமன் குறைந்த கல்லில் அரை மில்லிமீட்டர் பிசகினாலே எண் ஆடும். 5 மி.மீ. தடிமனில் அது 0.1. எந்த மூன்று இடங்களில் அளப்பது என்று முன்பே பேசி முடிவு செய்யுங்கள். விளிம்பின் நீளத்தைச் சமமாகப் பிரித்து இடம் குறியுங்கள், 'நன்றாகத் தெரிகிற' இடமாகப் பார்த்து அளக்காதீர்கள். பிறகு முப்பது கற்களை ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்காமல் அளந்து, ஒரு வாரம் கழித்துத் திரும்பவும் அளந்து பாருங்கள். உங்கள் எண் உங்களோடேயே ஒத்துப்போகவில்லை என்றால் தோழியிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

18. பின்னாடி வந்த யாரோ அந்தக் கல்லைப் பொறுக்கிச் செதுக்கியிருந்தா?

இதைக் கேட்ட மாணவிக்கு அன்று மதியம் என் பங்கு வடையைக் கொடுத்தேன். கல் வெளியில் கிடக்கும்போது மேற்பரப்பு நிறம் மாறும், பூத்துப்போகும். செதிலின் உடல் முழுவதும் பழுப்பேறி, ஓரத்து வடுக்கள் மட்டும் புதுநிறத்தில் இருந்தால், செதிலைத் தட்டியதற்கும் ஓரத்தைச் செதுக்கியதற்கும் இடையே நீண்ட காலம் போயிருக்கிறது. அது ஒருவர் கூராக்கிக் கூராக்கிப் பயன்படுத்திய கதை அல்ல, குப்பையிலிருந்து எடுத்த கதை. இரண்டு கதைகளையும் ஒரே சராசரிக்குள் போடக் கூடாது.

மாடு மிதித்து, வண்டி ஏறி, மண்வெட்டி பட்டு உடைந்த ஓரமும் மறுசெதுக்கல் போல நடிக்கும். வடுக்கள் ஒழுங்கில்லாமல், விட்டுவிட்டு, இரண்டு முகத்திலும் கண்டபடி இருந்தால் சந்தேகப்படுங்கள்.

19. 0.8-ன்னா எத்தனை நாள் உழைச்சிருக்கும்?

சொல்ல முடியாது. ஒருவர் நன்றாக மழுங்கும்வரை விட்டுப் பிறகு கூராக்குவார், இன்னொருவருக்குக் கை சும்மா இருக்காது. சமையற்காரர்களிலும் இந்த இரண்டு ரகமும் உண்டு. குறியீட்டெண் சொல்வது கல் இழந்ததை மட்டுமே. உழைத்ததைக் கொஞ்சமாவது அறிய, 1-இல் ஒதுக்கி வைத்த நுண்நோக்கி ஆய்வுக்குத்தான் போக வேண்டும். அதிலும் சிக்கல்: ஒவ்வொரு முறை கூராக்கும்போதும் முந்தைய உழைப்பின் அடையாளம் செதிலோடு தெறித்துப் போயிருக்கும். அந்தக் குட்டிச் செதில்களைச் சல்லடையில் பிடித்திருந்தால் கொஞ்சம் மீட்கலாம்.

20. பழகிப் பார்க்கக் கல் வேணும். ஆத்துப் பக்கம் போய் நாலு பொறுக்கிட்டு வரட்டுமா?

தொல்லிடத்துக் கல்லைத் தொடாதீர்கள். எங்கே கிடந்தது என்பதை இழந்த கருவி, பாதிக் கருவி. தடித்த கண்ணாடி பாட்டிலின் அடிப்பாகம் போதும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குத் தோலுறை, கீழே தார்ப்பாய், காற்றோட்டமான இடம். ஒரு செதிலை எடுத்து எடை போடுங்கள், செதுக்குங்கள், கூன் எண் எடுங்கள், மறுபடி எடை போடுங்கள். பத்துச் சுற்று செய்தால் 7-இல் சொன்ன வளைகோடு உங்கள் நோட்டிலேயே வந்து உட்காரும். முடிந்ததும் துகள்களை மூட்டை கட்டிக் குப்பையில் போடுங்கள். தொல்லிடத்துப் பக்கம் கொட்டிவிட்டு வந்தால், பின்னால் வருகிற யாராவது அதையும் எடுத்து அளந்துகொண்டிருப்பார்.